சிமுலேட்டரில் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க: எதை நம்பலாம், எங்கே பறக்கலாம்

மூட்டுத் தேய்வால் நெடும்பயணம் செய்ய இயலாத 74 வயதுத் தந்தையாருக்கு வீட்டுக் கணினியிலேயே விமான சிமுலேட்டர் வழியாக இந்தியாவைச் சுற்றிக் காட்ட விரும்புவதாகவும், தாஜ்மகால், மதுரை மீனாட்சியம்மன் கோயில், எல்லோரா, இமயமலை, கடைசியில் புதுக்கோட்டைப் பக்கத்துச் சொந்த ஊர் என்று ஒரு பட்டியல் வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எந்த மென்பொருள், எந்த வழி, திரையில் தெரிவது எவ்வளவு உண்மை என்று மூன்று கேள்விகளையும் கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவதற்கு விடை தெரிந்தால் மற்ற இரண்டும் பெரும்பாலும் தாமே தீர்ந்துவிடும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட வேண்டும். செயற்கைக்கோள் படங்களிலிருந்து நிலவரைபடம் தயாரிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். சிமுலேட்டரில் பறப்பது அதோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். உண்மையான விமானத்தின் கட்டுப்பாட்டை நான் ஒருபோதும் கையில் பிடித்ததில்லை. ஆகவே நிலத்தைப் பற்றி நான் சொல்வதைத் துணிந்து எடுத்துக்கொள்ளுங்கள். விமானம் ஓட்டுவதைப் பற்றிச் சொல்வதைச் சிமுலேட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

திரையில் தெரியும் நிலம் மூன்று அடுக்குகளால் ஆனது. அடியில் இருப்பது உயரத் தரவு. நிலப்பரப்பைச் சிறு சிறு சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று ஓர் எண்ணைக் குறித்து வைத்திருப்பார்கள். எக்ஸ்-பிளேன், ஃப்ளைட்கியர் போன்ற சிமுலேட்டர்களில் இந்தியப் பகுதிக்குப் பெரிதும் அடிப்படையாக இருப்பது 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாள் சுற்றி வந்து ரேடார் மூலம் அளந்த தரவு. முதலில் பொதுமக்களுக்குக் கிடைத்தது சுமார் 90 மீட்டர் கட்டங்களாக. 2014 முதல் சுமார் 30 மீட்டர் கட்டங்களாகவும் வெளியிடப்பட்டது. இரண்டாவது அடுக்கு, அந்த மேடுபள்ளத்தின் மீது போர்த்தப்படும் படம். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 ஆகஸ்டில் வந்தபோது செய்த பெரிய மாற்றம், அந்த நிறுவனத்தின் வரைபடச் சேவையான பிங் மேப்ஸின் செயற்கைக்கோள், வான்வழிப் படங்களை இணையம் வழியாகப் பறக்கும்போதே இறக்கிப் போர்த்தியதுதான். மூன்றாவது அடுக்கில் வீடுகள், மரங்கள், பாலங்கள் வருகின்றன. இவற்றில் பெரும்பகுதியை யாரும் அளக்கவில்லை. மேலிருந்து எடுத்த படத்தில் கூரை போலத் தெரிவதைக் கணினி கண்டுபிடித்து, அதன்மேல் ஒரு கட்டடத்தைத் தானே எழுப்புகிறது; பச்சையாகத் தெரியும் இடத்தில் மரங்களை நடுகிறது.

இந்த மூன்றில் முதல் அடுக்கைப் பெரும்பாலும் நம்பலாம். இரண்டாவது, படம் எடுக்கப்பட்ட நாளுக்கு மட்டும் உண்மை. மூன்றாவது ஊகம். அந்த ஊகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கதை உண்டு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத்தில் யாரோ ஒருவர் மெல்போர்ன் புறநகரிலிருந்த ஒரு கட்டடத்துக்கு 2 மாடி என்பதற்குப் பதிலாக 212 மாடி என்று தட்டச்சு செய்துவிட, 2020இல் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் அந்த இடத்தில் வானைத் தொடும் ஒரு ஒல்லிக் கோபுரம் நின்றது. நம் ஊர்க் கோயில்களுக்கு நேர்வது இதற்கு நேர்மாறு. ராஜகோபுரத்தை மேலிருந்து பார்த்தால் ஒரு நீள்சதுரக் கூரை; அவ்வளவுதான் கணினிக்குத் தெரியும். யாராவது தனியாக மாதிரி செய்து வைக்காதவரை அது நாலு மாடி அலுவலகக் கட்டடமாகத்தான் எழும். உங்கள் பட்டியலில் உள்ள மீனாட்சியம்மன் கோயிலைக் காட்டப் போய், தந்தையார் "இது எந்த ஊர் கலெக்டர் ஆபீஸ்?" என்று கேட்டால் வியப்பதற்கில்லை. புகழ்பெற்ற இடங்களுக்கு ஆர்வலர்கள் செய்து தரும் மாதிரிகளைத் தேடி நிறுவிக்கொள்ளலாம். ஆனால் கட்டடங்களைப் பார்ப்பதற்கு நல்ல புகைப்படமோ காணொளியோ சிமுலேட்டரை விட எப்போதும் மேல் என்பதே என் கருத்து.

எல்லோராவை எடுத்துக்கொள்ளுங்கள், பட்டியலில் மிகக் கடினமான இடம் அதுதான். அங்குள்ள கைலாசநாதர் கோயில் கீழிருந்து மேலே கட்டப்பட்டதன்று. மலைப்பாறையை மேலிருந்து கீழே சுமார் 30 மீட்டர் குடைந்து எடுத்தது. 30 மீட்டர் கட்டத்தில் அந்த முழு வெட்டும் மூன்று நான்கு கட்டங்களுக்குள் முடிந்துவிடுகிறது. மேலும், உயரத் தரவு ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் உயரத்தை மட்டுமே வைத்திருக்கும் என்பதால், கூரையும் தரையும் ஒரே புள்ளியில் வரும் குகைக்கு அதில் இடமே இல்லை. ஆகவே எல்லோராவும் அஜந்தாவும் சிமுலேட்டரில் குகைகள் ஆகா. சரிவின்மேல் ஒட்டிய ஒரு மங்கலான படம் ஆகும். அதேசமயம், அஜந்தா குகைகளைச் சுமந்து நிற்கும் வாகோரா ஆற்றின் குதிரைலாட வளைவும், எல்லோராவுக்கு அருகே தௌலதாபாத் கோட்டை நிற்கும் கூம்பு மலையும் அச்சாகத் தெரியும். இதுதான் நான் சொல்ல வரும் அளவுகோல்: மனிதன் செதுக்கியதைத் தேடிப் போகாமல் நிலமே செதுக்கிய வடிவங்களைத் தேடிப் போனால் சிமுலேட்டர் ஏமாற்றாது.

அந்தப் பகுதிக்கே போவதாக இருந்தால் லோனாரைக் காட்டுங்கள். சத்ரபதி சம்பாஜிநகர் (முன்பு ஔரங்காபாத்) விமான நிலையத்திலிருந்து நேர் கிழக்கே சுமார் 115 கி.மீ. தூரத்தில், தக்காணத்தின் கரும்பாறையில் விண்கல் விழுந்து ஏற்பட்ட சுமார் 1.8 கி.மீ. விட்டமுள்ள வட்டக் குழி. 90 மீட்டர் தரவில் அதன் குறுக்களவு இருபது கட்டங்கள்தான். விளிம்பு சற்றுக் கோணலாகத் தெரியும். 30 மீட்டர் தரவில் அறுபது கட்டங்கள் கிடைப்பதால் வட்டம் வட்டமாகவே இருக்கிறது. நடுவிலுள்ள ஏரியின் நிறம் மட்டும் உறுதியில்லை. 2020 ஜூனில் அந்த உப்பேரி இளஞ்சிவப்பாக மாறிய செய்தியைப் படித்திருப்பீர்கள். சாதாரண நாளில் பச்சை. உங்கள் திரையில் எது வரும் என்பது படம் எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. அணைகளின் நீர்மட்டமும் கட்ச் உப்பு வெளியும் அப்படித்தான். பக்கத்துப் பக்கத்துப் படங்கள் வெவ்வேறு மாதங்களில் எடுக்கப்பட்டிருந்தால், ஒரு நேர்க்கோட்டுக்கு இந்தப் பக்கம் கோடையும் அந்தப் பக்கம் மழைக்காலமுமாக இருக்கும்.

முதல் பயணத்துக்கு நான் திருச்சியைச் சொல்வேன். விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால் தந்தையாருக்குத் தொடக்கமே பழகிய இடமாக அமையும். செஸ்னா 172 என்னும் சிறிய விமானத்தை எடுத்துக்கொண்டு வடக்கே திரும்பி 2,000 அடியில் பறந்தால் சில நிமிடங்களில் மலைக்கோட்டை. 80 மீட்டர் சொச்சம் உயரமுள்ள ஒற்றைப் பாறை என்பதால் கூர்மையெல்லாம் மழுங்கி ஒரு மேடாகத் தெரியும். அதைக் கடந்தவுடன் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம் தீவு. கோபுரங்கள் சரியாக இருக்காது என்று முன்பே சொன்னேன். ஆனால் கோயிலைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த நீள்சதுரத் திருச்சுற்று வீதிகள் படத்திலேயே இருப்பதால், மேலிருந்து அவ்வளவு தெளிவாகத் தெரியும். அந்த அமைப்பைத் தெருவில் நடந்தவர்களுக்கு ஒருபோதும் முழுதாகப் பார்க்க வாய்த்திருக்காது. மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிவதையும், கிழக்கே கல்லணைக்கு அருகில் அவை மீண்டும் நெருங்கி வருவதையும் ஒரே பார்வையில் காட்டிவிட்டால், அங்கே ஏன் அணை கட்டினார்கள் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆற்றின் மேலேயே பறக்காமல் அதை விமானத்தின் இடப்பக்கம் வைத்துக்கொண்டு கிழக்கே போங்கள். இடப்பக்கம் அமர்ந்திருக்கும் விமானியின் பார்வைக்கு மூக்கு மறைக்காது.

இரண்டாவதாகப் பாலக்காட்டுக் கணவாய். கோயம்புத்தூரில் எழுந்து கொச்சி விமான நிலையத்தில் இறங்கினால் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 120 கி.மீ.; செஸ்னாவில் நாற்பது நிமிடம். மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதிலும் இவ்வளவு பெரிய வாசல் வேறில்லை. வடக்கே வெள்ளியங்கிரியும் அதன் பின்னால் நீலகிரியும், தெற்கே ஆனைமலையும் சுவர்களாக நிற்க, நடுவே சுமார் 30 கி.மீ. அகலத்துக்குச் சமவெளி. 3,000 அடியில் பறந்தால் இருபுறமும் மலை உங்களுக்கு மேலே இருக்கும். பழுப்பு நிறத்தில் தொடங்கிய நிலம் கணவாய் தாண்டியதும் பச்சையாக மாறுவதைத் தந்தையாரே முதலில் சொல்லிவிடுவார். ரயிலில் பாலக்காடு போனவர்கள் ஜன்னலில் உணர்ந்த குளிர்காற்றின் காரணம் அங்கே கண்முன் கிடக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் தாழ்வாக இறங்க வேண்டாம். தென்னந்தோப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ குளிர்நாட்டுக் காட்டு மரங்கள் நிற்பதைப் பார்த்தால் மனம் கசந்துவிடும்.

அருவிகளை விட்டுவிடலாம். ஜோக் அருவி 253 மீட்டர் விழுகிறது. ஆனால் செங்குத்துப் பாறையை மேலிருந்து எடுத்த படத்தில் அந்த முகத்துக்குக் கிடைப்பது இரண்டு மூன்று பிக்சல்கள்தான். அவற்றையே 253 மீட்டருக்கு இழுத்துப் போர்த்தும்போது, ஈரத்துணியைத் தொங்கவிட்டது போல நீளக் கோடுகள்தான் தெரியும்.

இமயமலைக்கு வருகிறேன். உங்கள் தந்தையாருக்கு இதுதான் முக்கியம் என்று எழுதியிருக்கிறீர்கள். சிமுலேட்டருக்கும் இதுதான் பலமான இடம். பலரும் நேராக லடாக்கிலுள்ள லே விமான நிலையத்துக்குப் போய்விடுகிறார்கள். நான் மேற்கு வங்கத்தில் சிலிகுரி அருகேயுள்ள பாக்டோக்ராவைச் சொல்வேன். அந்த ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து சுமார் 125 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நேர்க்கோட்டில் சுமார் 115 கி.மீ. தூரத்தில் 8,586 மீட்டர் கஞ்சன்ஜங்கா நிற்கிறது. சென்னைக்கும் வேலூருக்கும் இடையே இருப்பது போன்ற ஒரு தூரத்தில் நிலம் எட்டரை கிலோமீட்டர் எழும்புகிறது என்று சொல்லிவிட்டு, விமானத்தை வடக்கே திருப்புங்கள். தேயிலைத் தோட்டங்கள் முடிந்து, தீஸ்தா ஆறு மலையிலிருந்து வெளியே வரும் சேவோக் என்னும் இடம் வரும். அதிலிருந்து ஆற்றைப் பிடித்துக்கொண்டு 9,000 அடிக்கு மெல்ல ஏறினால் போதும். சிகரத்தின் அருகே போக வேண்டிய தேவையே இல்லை. நேரத்தை மட்டும் விடியற்காலையாக வையுங்கள். சிமுலேட்டர்களில் பெரும்பாலும் உலகப் பொது நேரமும் ஒரு கட்டத்தில் காட்டப்படும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே இருப்பதால், அங்கே 00:00 என்று இட்டால் இங்கே காலை 5:30. அக்டோபர் மாதமாகவும் வைத்தால் சூரியன் அப்போதுதான் எழும். மேடுபள்ளம் அனைத்தும் நிழலோடு தெரியும். நண்பகல் வெளிச்சத்தில் அதே மலை தட்டையாகிவிடும்.

மலையின் வடிவம் நம்பத்தக்கது என்று சொன்னாலும் அதில் இரண்டு விலக்குகள் உண்டு. கூர்மையான சிகரத்தின் உச்சி 30 மீட்டர் கட்டத்துக்குள் சராசரியாகிவிடுவதால், சிகரங்கள் உண்மையைவிடச் சற்றுக் குட்டையாகவும் மழுங்கியும் இருக்கும். மற்றொன்று, ரேடார் சாய்வாகப் பார்த்து அளந்ததால், மிக ஆழமான பள்ளத்தாக்குகளில் மலையின் மறைவில் அளவீடே கிடைக்காத ஓட்டைகள் ஏற்பட்டன. அவற்றை வேறு வரைபடங்களைக் கொண்டு நிரப்பியிருக்கிறார்கள். ஒரு பள்ளத்தாக்கின் அடிப்பகுதி மட்டும் சலித்த மாவு போல வழவழப்பாகத் தெரிந்தாலோ, ஆறு மேட்டின்மேல் ஏறிப் போனாலோ, அங்கே ஒட்டுப்போட்டிருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள்.

பள்ளத்தாக்குகளில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். குலு அருகே புந்தர் விமான நிலையத்தில் செஸ்னா 172 எடுத்து, பியாஸ் ஆற்றோடு மேலே போய் ரோத்தாங் கணவாயைத் தாண்டிவிடலாம் என்று கிளம்பினேன். கணவாயின் உயரம் 3,978 மீட்டர். அதாவது சுமார் 13,050 அடி. மணாலியைத் தாண்டும்போது உயரமானி 10,000 அடியைத் தொட்டிருந்தது. ஏறும் வேகம் நிமிடத்துக்கு 200 அடிக்கும் கீழே சரிந்துகொண்டிருந்தது. முன்னால் மலைச்சுவர் மட்டும் ஏறிக்கொண்டே வந்தது. திரும்பலாம் என்று சாய்த்தபோது பள்ளத்தாக்கு போதவில்லை. பின்னர் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கி.மீ.) வேகத்தில் 30 பாகை சாய்வில் முழுவட்டம் திரும்ப 900 மீட்டருக்கு மேல் அகலம் வேண்டும், உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் உண்மை வேகம் கூடி அதைவிடவும் அதிகம் வேண்டும். அன்றிலிருந்து பள்ளத்தாக்கின் நடுவே பறப்பதில்லை. ஒரு பக்கச் சரிவை ஒட்டிப் போனால் மறுபக்கம் முழுதும் திரும்புவதற்கு மிஞ்சும். லே போவதானால் செஸ்னாவை வைத்துவிட்டு விசையாழியால் விசிறியைச் சுழற்றும் டர்போபிராப் விமானம் எடுங்கள். ஓடுபாதையே சுமார் 3,250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிஸ்டன் எஞ்சினில் எரிபொருள்-காற்றுக் கலவையில் எரிபொருளை நீங்களே குறைத்துக் கொடுக்காவிட்டால் கிளம்பும்போதே எஞ்சின் திணறும். லேயிலிருந்து சிந்து நதியோடு மேற்கே கொஞ்ச தூரம் வந்தால், நிம்மு அருகே ஜான்ஸ்கர் ஆறு வந்து கலக்கும் இடம் தெரியும். இரண்டு நீரும் இரண்டு நிறமாக இருக்குமா என்பது மறுபடியும் படம் எடுத்த நாளின் கையில்.

தீவுகளை விரும்பினால் லட்சத்தீவின் அகத்தியில் நேராக ஓடுபாதையிலிருந்தே தொடங்குங்கள். கொச்சியிலிருந்து 460 கி.மீ. வெறும் கடல் பார்ப்பதில் பயனில்லை. சுமார் 1,200 மீட்டர் ஓடுபாதை தீவின் முனையில் கிடக்க, பவளப்பாறை வளையமும் உள்ளேயிருக்கும் இளநீலக் கடலும் படத்திலேயே வந்துவிடும். அந்தமானில் பேரன் (Barren) தீவு எரிமலைக்கும் போகலாம். கூம்பு தெரியும், புகையை எதிர்பார்க்காதீர்கள். தனுஷ்கோடியைத் தாண்டி இராமர் பாலத்து மணல்திட்டுகளைப் பற்றிக் கேட்டால், அங்கே நான் தயங்குவேன். கடலோரத்தில் எது நிலம், எது நீர் என்று சிமுலேட்டர் தனியாக ஒரு கோடு வைத்திருக்கும்; இடம் மாறிக்கொண்டே இருக்கும் திட்டுகளுக்கு அந்தக் கோடு ஒத்து வராது. பாம்பன் தீவின் வடிவமும் தனுஷ்கோடியின் கூர் வாலும் மட்டும் சரியாக இருக்கும்.

மென்பொருளைப் பொறுத்தவரை, மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் தரைப்படம் வேண்டும் என்பதால் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர்தான் பொருத்தம். நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் தடைபடாத இணையமும் தேவை. இணையம் நின்றால் தரை மங்கிவிடும். எக்ஸ்-பிளேனில் விமானம் நடந்துகொள்ளும் விதத்தைப் பலர் புகழ்வார்கள். ஆனால் நிறுவியவுடன் அதில் வருவது உண்மைப் படமன்று. வயல், காடு, நகரம் என்று வகை பார்த்துப் பூசிய நிறம். ஸ்ரீரங்கத்து வீதிகளை அந்த அழகில் அதில் பார்க்க முடியாது. பணம் செலவழிக்கும் முன் தந்தையாருக்கு இது பிடிக்கிறதா என்று அறிய விரும்பினால், கூகுள் எர்த் புரோ இலவசம். அதன் கருவிகள் பட்டியலிலேயே ஒரு சிறு விமான சிமுலேட்டர் இருக்கிறது. எஃப்-16 என்னும் போர் விமானம், எஸ்ஆர்22 என்னும் சிறு விமானம் என்று இரண்டே விமானங்கள், எஸ்ஆர்22 எடுங்கள்.

பார்ப்பவர் முதியவர் என்பதையும் மறக்க வேண்டாம். ஓட்டுபவருக்குத் தலை சுற்றுவது குறைவு. பக்கத்தில் உட்கார்ந்து பெரிய திரையைப் பார்ப்பவருக்கு எளிதில் சுற்றும். விமானம் தானே பறக்கும் ஆட்டோபைலட்டில் விட்டு, 15 பாகைக்கு மேல் சாய்க்காமல், அரை மணி நேரத்தோடு நிறுத்துங்கள். இப்போதைய வானிலையை அப்படியே கொண்டுவரும் வசதியை அணைத்துவிட்டுத் தெளிந்த வானத்தை நீங்களே வையுங்கள். 3,000 அடியில் தெளிந்த நாளில் அடிவானம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் இருக்கும். ஆனால் டிசம்பர், ஜனவரியில் கங்கைச் சமவெளியின் உண்மையான மூட்டத்தை வரவழைத்தால் ஆக்ராவில் யமுனை வளைவுகூடத் தெரியாது.

கடைசியாகச் சொந்த ஊர். இமயமலையைவிட அதிக நேரம் இங்கேதான் செலவாகும். வீடு தெரியாது, அந்த இடத்தில் யாருடையதோ ஒரு வீடு நிற்கும், ஓட்டுக் கூரைக்குப் பதில் மொட்டைமாடி இருக்கலாம், கோயில் அரசமரம் எங்கோ தள்ளி முளைத்திருக்கும். ஆனால் புதுக்கோட்டைச் சீமை கண்மாய்களின் சீமை. பிறை போல வளைந்த கரை, அதன் உட்புறம் நீரோ வெறும் களிமண்ணோ, மடைக்குக் கீழே விரிந்து போகும் வயல், ஊருக்குள் வரும் சாலையின் திருப்பம், இவை எல்லாம் படத்தில் அப்படியே இருக்கும். ஊரின் ஆயத்தொலைவுகளை (அட்சரேகை, தீர்க்கரேகை) வரைபடத்தில் குறித்துக்கொண்டு, திருச்சியிலிருந்து தெற்கே சாலையோடு வாருங்கள். அரை மணி நேரத்துக்கும் குறைவு. 1,500 அடிக்குக் கீழே இறங்காமல், கண்மாய்க்கரையை இடப்பக்கம் வைத்து ஒரு வட்டம் அடியுங்கள். எந்த வீடு எங்கே என்று நீங்கள் சொல்ல வேண்டாம். கரையின் வளைவைப் பார்த்து அவரே விரலால் காட்டத் தொடங்குவார்.